எந்த மழைக்கு முளைப்பது: நடுவரின் தீர்ப்பை எதிர்க்கும் கணக்கு

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடி வரை நீளும் கரிசலிலும் செவலிலும் புரட்டாசி பிறந்தால் ஒரு பந்தயம் தொடங்கிவிடும். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்யும் விருதுநகர் மாவட்டத்தில், அதன் பெரும்பகுதி ஐப்பசியையும் கார்த்திகையையும் நம்பி இருக்கிறது. குண்டாறு ஓடுவதும் அப்போதுதான். மழை விழுந்த பிறகு விதைக்கலாம் என்று காத்திருந்தால் நனைந்த கரிசலில் கால் வைக்க முடியாது, ஏர் இறங்காது. மண் வாங்குவதற்குள் முதல் ஈரம் வீணாகிவிடும். அதனால் மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் சோளத்தையும் பருத்தியையும் விதைத்துவிடுவது புழுதி விதைப்பு. இதில் ஆபத்து, மழை வராமல் போவதைவிட பொய்யாக வருவதில்தான் அதிகம். ஒரு தூறலை நம்பி முளைத்த விதை, அடுத்து பதினைந்து நாள் வெயில் அடித்தால் கருகிப்போகும். மறுவிதைப்புக்கு விதை வேண்டும், கூலி வேண்டும், பருவமும் கடந்திருக்கும். இதற்கு மானாவாரி வேளாண்மை சொல்லும் வழி எளிமையானது: ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் விதை. மேல்மண்ணை மட்டும் நனைக்கிற தூறல் அந்த ஆழத்துக்கு இறங்காது. நின்று பெய்கிற மழைதான் விதையை எழுப்பும். எந்த மழையை நம்புவது என்ற முடிவை மழை நாளில் எடுக்காமல், விதைக்கிற நாளிலேயே ஆழமாக மாற்றி மண்ணுக்குள் வைத்துவிடுகிறார் சம்சாரி.

கால்பந்துப் பயிற்சியாளர் முன்னால் இதே கேள்வி இப்போது வந்து நிற்கிறது. 2024 மே மாதம் சூரிச்சில் நடந்த இளையோர் போட்டியில் ஃபிஃபா ஒரு புதிய முறையைச் சோதித்தது. அதே ஆண்டு கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையிலும், டொமினிக்கன் குடியரசில் நடந்த 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையிலும் அதைப் பயன்படுத்தியது. பெயர் ஃபுட்பால் வீடியோ சப்போர்ட். பெரிய லீக்குகளில் உள்ள வி.ஏ.ஆர். முறையில் தனி அறையில் உட்கார்ந்த நடுவர்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இதில் அப்படி யாரும் இல்லை. தீர்ப்பு தவறு என்று பயிற்சியாளர் நினைத்தால் விரலைக் காற்றில் சுழற்றிக் காட்டி, நான்காவது நடுவரிடம் கோரிக்கைச் சீட்டைக் கொடுக்க வேண்டும். களநடுவரே திரைக்கு வந்து பார்த்து முடிவு சொல்வார். ஆட்டத்துக்கு அணிக்கு இரண்டு கோரிக்கைகள். தீர்ப்பு மாறினால் கோரிக்கை கையிலேயே இருக்கும், மாறாவிட்டால் போய்விடும். கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் ஆகிய நான்கு விஷயங்களில் மட்டும் கேட்கலாம். கேமராவுக்கும் ஆளுக்கும் செலவழிக்க முடியாத போட்டிகளுக்காக வந்த முறை இது. இத்தாலியின் மூன்றாம் தரப் பிரிவான சீரி சி 2025-26 பருவத்தில் இதை எடுத்துக்கொண்டது. அமெரிக்கக் கால்பந்தில் 1999 முதல் இருக்கும் சிவப்புத் துணி வீச்சுக்கு இது உறவுதான். அங்கே தோற்றால் ஒரு டைம்-அவுட் கழியும், இங்கே கோரிக்கையே கழியும்.

அப்படியானால் எப்போது கேட்பது? பெரும்பாலானவர்கள் சொல்லும் பதில்: தீர்ப்பு தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் கேள், இல்லாவிட்டால் விடு. கேட்க நியாயமாக இருக்கும் இந்தப் பதில் பாதிக் கணக்கைத்தான் போடுகிறது. மீதிப் பாதி, கையில் வைத்திருக்கும் கோரிக்கை நாளைக்கு என்ன பெறும் என்பது. ஜெயிக்கும் வாய்ப்பை ஜெயித்தால் கிடைக்கும் லாபத்தால் பெருக்க வேண்டும். தோற்கும் வாய்ப்பை, இழக்கப்போகும் கோரிக்கையின் மதிப்பால் பெருக்க வேண்டும். முதலாவது பெரிதாக இருந்தால் சீட்டை நீட்டலாம். இது ஏட்டுக் கணக்கு இல்லை, ஆட்டக்காரர்கள் உண்மையில் இப்படித்தான் நடந்துகொள்கிறார்கள் என்பதற்கு டென்னிஸில் சான்று உண்டு. ரான் அப்ரமிட்ஸ்கி, லிரான் ஐனவ் ஆகியோரும் சக ஆய்வாளர்களும் 35 தொழில்முறைப் போட்டிகளில் பதிவான 2,000-க்கு மேற்பட்ட சேலஞ்சுகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட கட்டுரை, புள்ளியின் முக்கியத்துவம் கூடும்போதும், மிச்சம் வைப்பதன் மதிப்பு குறையும்போதும் வீரர்கள் அதிகமாகக் கேட்கிறார்கள் என்று கண்டது. பொருளாதாரம் படிக்காத இருபது வயது வீரர், பந்து கோட்டில் பட்டதா இல்லையா என்ற படபடப்புக்கு நடுவில் இந்தக் கணக்கை ஏறக்குறைய சரியாகவே போட்டுவிடுகிறார். மானாவாரிச் சம்சாரியைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

நமக்குப் பழக்கமான கிரிக்கெட்டில் இந்தக் கணக்கு பிசகிய இடங்கள் பாடமாகவே இருக்கின்றன. 2008-இல் இலங்கையில் நடந்த இந்தியா-இலங்கை டெஸ்ட் தொடரில்தான் ரிவ்யூ முறை முதலில் சோதிக்கப்பட்டது. முரளிதரன் பந்தில் இலங்கை எல்பிடபிள்யூ கேட்க, ரிவ்யூவால் முதலில் ஆட்டமிழந்தவர் சேவாக். மூன்று டெஸ்டுகளில் இலங்கை 11 முறை தீர்ப்பை மாற்றவைத்தது; இந்தியாவுக்கு மாறியது ஒன்றே ஒன்று. அந்தக் கசப்பில்தான் இந்திய வாரியம் பல ஆண்டுகள் இந்த முறையை எதிர்த்து நின்றது என்று சொல்வது அளவுக்கு மீறிய எளிமை. ஆனால் கசப்புக்குக் காரணம் கருவி மட்டும் இல்லை, கேட்ட விதமும்தான். இதைவிடத் தெளிவான பாடம் 2019 ஆகஸ்ட் 25 அன்று லீட்ஸ் ஹெடிங்லியில் கிடைத்தது. 359 ரன் இலக்கை விரட்டிய இங்கிலாந்தின் கடைசி விக்கெட். கம்மின்ஸ் பந்து லீச்சின் காலில் பட்டது. லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்த பந்து அது. ஆஸ்திரேலியா கடைசி ரிவ்யூவை அதற்குக் கொடுத்துத் தோற்றது. அடுத்த ஓவரில், வெற்றிக்கு இரண்டே ரன் பாக்கி இருக்கையில், லயன் பந்து ஸ்டோக்ஸின் காலில் நேராக மோதியது. அம்பயர் கை தூக்கவில்லை. கேட்க ஆஸ்திரேலியாவிடம் எதுவும் இல்லை. ஒரு விக்கெட்டில் தோற்றார்கள். இதைப் பின்புத்தி என்று தள்ளிவிட முடியாது. ஒரு விக்கெட் விழுந்தால் ஆட்டமே முடியும் நேரத்தில், ஒவ்வொரு பந்திலும் காலில் படும் வாய்ப்பு இருக்கும்போது, கடைசி ரிவ்யூவின் விலை உச்சத்தில் இருக்கிறது. அதைத் தூறலுக்குக் கொடுத்தார்கள்.

இங்கிருந்துதான் என் வாதம் பிரிகிறது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நம் கண்ணுக்கு, ஹெடிங்லியின் பாடம் ‘சேர்த்து வை’ என்பதாகத் தெரியும். கால்பந்துக்கு அது பொருந்தாது. மிச்சம் வைத்த கோரிக்கையின் மதிப்பு அதன் எண்ணிக்கையில் இல்லை. அதைப் பயன்படுத்த இனி எத்தனை தருணம் வரும் என்பதில் இருக்கிறது. டெஸ்ட் இன்னிங்ஸ் ஒன்றில் அப்பீல்கள் வந்துகொண்டே இருக்கும். கால்பந்தில் ஆட்டத்தை மாற்றும் தெளிவான தவறு அபூர்வம். எவ்வளவு அபூர்வம் என்பதற்கு இங்கிலாந்தின் பிரீமியர் லீக் ஓர் அளவுகோல் தருகிறது. வி.ஏ.ஆர். வந்த முதல் பருவமான 2019-20-இல் 380 ஆட்டங்களில் மாற்றப்பட்ட தீர்ப்புகள் 109. அதாவது மூன்றரை ஆட்டத்துக்கு ஒன்று. அதில் பாதி எதிரணிக்குச் சாதகமானது என்று வைத்தால், ஓர் அணிக்குச் சாதகமாகத் தீர்ப்பு மாறுவது ஏழு ஆட்டத்துக்கு ஒரு முறை. ஆட்டம் தொடங்கும்போதே ஒரு பயிற்சியாளரிடம் ஒரே ஒரு கோரிக்கைதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பத்திரமாக வைத்திருந்தால் பயன்படும் வாய்ப்பு ஏழில் ஒன்று. இப்போது ஒரு பெனால்டி மறுக்கப்படுகிறது. தீர்ப்பு மாறும் வாய்ப்பு எட்டில் ஒன்றுதான் என்று அவருக்குத் தோன்றுகிறது. கேட்டால் லாபக் கணக்கில் எட்டில் ஒன்று. நட்டக் கணக்கில் எட்டில் ஏழு பங்கு தோல்வி வாய்ப்பை ஏழில் ஒன்றால் பெருக்க, அதுவும் எட்டில் ஒன்று. இரண்டும் சமம்! எட்டுக்கு ஒன்றைவிடக் கொஞ்சம் நம்பிக்கை இருந்தாலே கேட்டுவிடலாம். எட்டில் ஒன்று என்ற இந்த வாசல் இடைவேளைக்குப் பிறகு பதினைந்தில் ஒன்றாக இறங்குகிறது. கையில் இரண்டு கோரிக்கை இருந்தால் முதலாவதன் விலை இன்னும் மலிவு. ஒரே ஆட்டத்தில் தனக்குப் பாதகமாக இரண்டு பெரிய தவறு நடந்தால்தானே இரண்டாவது இல்லாத குறை தெரியும்.

இந்தக் கணக்கை மறுக்கும் முதல் கேள்வி, எண்ணை எங்கிருந்து எடுத்தாய் என்பது. உலகின் சிறந்த நடுவர்கள் ஊதும் லீக்கின் எண்ணை வைத்து, சாதாரண நடுவர் ஊதும் போட்டிக்கு முடிவு சொல்லலாமா? நியாயமான கேள்வி. தவறுகள் மூன்று மடங்கு என்று வைத்துப் பார்த்தாலும், மிச்சம் வைப்பதன் மதிப்பு ஏழில் மூன்றாக உயர, கேட்க வேண்டிய வாசல் பத்தில் மூன்றாகிறது. அப்போதும் பாதிக்குக் கீழேதான். ‘உறுதியாகத் தெரிந்தால் மட்டும்’ என்ற விதியைக் காப்பாற்ற இது போதாது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: வி.ஏ.ஆர். அறை கண்டுபிடித்த தவறுகளில் பலவற்றை, மைதானத்தின் மறுகோடியில் நிற்கும் பயிற்சியாளர் பார்த்தே இருக்க மாட்டார். பார்க்காத தவறுக்குச் சேர்த்து வைத்துப் பயனில்லை. ஆகவே உண்மையான மதிப்பு நான் போட்ட கணக்கைவிடக் குறைவாகவே இருக்கும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. எட்டில் ஒன்று, பத்தில் மூன்று என்றெல்லாம் பத்து நொடிக்குள் யார் கணிப்பது? கிரிக்கெட்டில் 15 விநாடி தருகிறார்கள். கால்பந்தில் உடனே கேட்க வேண்டும், ஆட்டம் மறுபடி தொடங்கினால் வாசல் மூடிவிடும். பயிற்சியாளருக்குக் கிடைக்கும் செய்தியோ பெரும்பாலும் கீழே விழுந்த வீரரின் முகம்தான். பெனால்டிப் பகுதியில் விழுகிற வீரரின் முகம் நம்பத்தக்க ஆவணம் அல்ல. இங்கேதான் ஐந்து சென்டிமீட்டர் உதவிக்கு வருகிறது. வாய்ப்பைக் களத்தில் கணிக்க வேண்டியதில்லை. எந்தச் செய்தி வந்தால் கேட்பது என்ற ஆழத்தை ஆட்டத்துக்கு முன்பே குறித்துவிடலாம். யார் கண் நேர்கோட்டில் இருக்கிறதோ அவர் சொல்லுக்கு எடை அதிகம். ‘தோனி ரிவ்யூ சிஸ்டம்’ என்று சேப்பாக்கத்தில் கேலியாகவும் பெருமையாகவும் சொல்லப்பட்டதில் மந்திரம் எதுவும் இல்லை. ஸ்டம்புக்குப் பின்னால் நேர்கோட்டில் நிற்பவர், பந்துவீச்சாளரைப் போல விக்கெட் ஆசையில் மிதக்காதவர், பார்த்துச் சொன்னார். கால்பந்தில் அந்த இடம் சம்பவத்தில் சிக்காத, அருகில் நின்ற வீரருடையது. விழுந்தவர் மட்டும் கை தூக்கினால் தூறல். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் யோசிக்காமல் ஒரே நொடியில் கை தூக்கினால் நின்று பெய்கிற மழை. இரண்டாவது நடந்தால் எந்த நிமிடமாக இருந்தாலும் கேள். முதலாவது மட்டும் நடந்தால் இடைவேளைக்குப் பிறகு, அதுவும் கோலோ பெனால்டியோ சம்பந்தப்பட்டிருந்தால் கேள். இப்படி ஒரு எளிய விதி பத்து நொடிக்குள் அடங்கும்.

கோலோ பெனால்டியோ என்று ஏன் பிரித்தேன் என்றால், லாபம் எல்லாத் தீர்ப்பிலும் ஒன்று அல்ல. பெனால்டிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று கோலாகின்றன. ஆகவே மறுக்கப்பட்ட பெனால்டி முக்கால் கோல். 0-0 என்று நிற்கும் ஆட்டத்தின் 80-ஆவது நிமிடத்தில் முக்கால் கோல் என்பது ஆட்டமே. 4-0 என்று முன்னணியில் இருக்கும்போது அது வெறும் அலங்காரம். சிவப்பு அட்டை இதற்கு நேர் எதிராக நடந்துகொள்கிறது: 10-ஆவது நிமிடத்தில் எதிரணி பத்துப் பேராகிவிட்டால் எண்பது நிமிட லாபம், 88-ஆவது நிமிடத்தில் ஒன்றுமில்லை. கோரிக்கையின் இருப்பு மதிப்போ நிமிடத்துக்கு நிமிடம் கரைகிறது; கடைசி விசிலோடு பூஜ்யம். மார்கழிக்கு மேல் மூட்டையில் மிஞ்சிய விதையை அடுத்த ஆண்டுக்காவது வைக்கலாம். இந்தச் சீட்டை அடுத்த ஆட்டத்துக்கு எடுத்துப்போக முடியாது.

இப்படிக் கணக்குப் பார்த்துக் கேட்டால் ஆட்டம் நின்று நின்று ஓடாதா, இது நியாயத்துக்கான கருவியா வியாபாரமா என்று கேட்பவர்கள் உண்டு. முதல் பாதிக்குப் பதில், விதியிலேயே இருக்கிறது: அணிக்கு இரண்டு தோல்வி என்றால் ஆட்டம் முழுக்க வீணாகும் நிறுத்தம் நான்குக்கு மேல் போகாது. இரண்டாம் பாதிதான் கடினம். நியாயம் முதலில், விலை பிறகு என்று நம்பிய ஒரு பயிற்சியாளரின் கதை நம் பக்கத்து மாநிலத்தில் நடந்தது. 2023 மார்ச் 3, பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானம், ஐ.எஸ்.எல். நாக்-அவுட் ஆட்டம். 90 நிமிடம் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில் கிடைத்த ஃப்ரீ கிக்கை, கேரளா பிளாஸ்டர்ஸ் தடுப்புச் சுவர் அமைப்பதற்குள் பெங்களூருவின் சுனில் சேத்ரி விரைவாக அடித்து கோலாக்கினார். நடுவர் கிரிஸ்டல் ஜான் ஏற்றுக்கொண்டார். கேரளப் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தன் வீரர்களைக் களத்தை விட்டு வெளியே அழைத்துக்கொண்டார். அவர்கள் திரும்பவில்லை; பெங்களூரு அடுத்த சுற்றுக்குப் போனது. அந்த மாத இறுதியில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒழுங்குக் குழு அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடையும் 5 லட்சம் அபராதமும் விதித்தது.

கோல் செல்லுமா செல்லாதா என்பதைப் பற்றி மலையாளிகளும் கன்னடர்களும் இன்னும் பேசலாம். நம் கணக்குக்கு அது தேவையே இல்லை. அந்த லீக்கில் அப்போது வி.ஏ.ஆர். கிடையாது, களத்தை விட்டுப் போவதால் நடுவர் மனம் மாறும் வழி எதுவும் விதியில் இல்லை. தீர்ப்பு தவறாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு நூறு என்று வைத்தாலும், மாறும் வாய்ப்பு பூஜ்யம். பூஜ்யத்தை எவ்வளவு பெரிய நியாயத்தால் பெருக்கினாலும் பூஜ்யமே. இருபது நிமிடங்களுக்கு மேல் ஆட்டம் பாக்கி இருந்தது. ஒரு கோல் தேவைப்பட்டது. அதைத்தான் விலையாகக் கொடுத்தார்கள். வெளிநடப்பு எப்போதுமே பலிக்காது என்றும் சொல்லிவிட முடியாது. 1982 உலகக் கோப்பையில் பிரான்ஸ் அடித்த கோலை எதிர்த்து குவைத் இளவரசர் ஷேக் ஃபஹத் பார்வையாளர் பகுதியிலிருந்து இறங்கிவந்தார், நடுவர் மிரோஸ்லாவ் ஸ்டுபார் கோலை ரத்து செய்தார். குவைத் அப்படியும் 4-1 என்று தோற்றது; ஸ்டுபாரின் சர்வதேச நடுவர் வாழ்க்கை அதோடு முடிந்தது. வுகோமனோவிச்சின் செயலை எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டால், இந்தியாவில் வி.ஏ.ஆர். வேண்டும் என்ற குரலுக்கு அது வலுச் சேர்த்தது என்று வாதிடலாம். நானும் அதை முழுக்க மறுக்க மாட்டேன். ஆனால் எதிர்ப்பின் பலன் பின்னால் வருகிறவர்களுக்குப் போகிறது, விலையை அன்று ஆடியவர்கள் கொடுக்கிறார்கள். இரண்டையும் ஒரே கணக்கேட்டில் எழுதக் கூடாது.

விலை குறிக்கப்படாத எதிர்ப்பு என்ன செய்யும் என்பதைக் கபடியே காட்டியது. 2023 அக்டோபர் 7, ஹாங்சோ ஆசிய விளையாட்டு, ஆண்கள் இறுதி ஆட்டம். இந்தியாவும் ஈரானும் 28-28 என்று நிற்க, கடைசி நிமிடங்களில் பவன் ஷெராவத் ரெய்டு போனார். யாரையும் தொடாமல் லாபிக்குள் கால் வைத்தார், ஈரான் தடுப்பாளர்கள் அவர் பின்னாலேயே உள்ளே வந்தார்கள். பழைய விதிக்கு ஒரு புள்ளிக் கணக்கு, புதிய விதிக்கு வேறு. ஒரு தீர்ப்பு வந்தது, ஓர் அணி எதிர்த்தது, தீர்ப்பு மாறியது, மற்ற அணி தரையில் உட்கார்ந்தது, மறுபடி மாறியது. இப்படி எதிர்ப்பதற்கு எண்ணிக்கை இல்லை, தோற்றால் இழப்பதற்கு எதுவும் இல்லை, ஆகவே இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டே இருந்தன. ஏறத்தாழ ஒரு மணி நேரம் தங்கப் பதக்கம் பாயில் கிடந்தது. இறுதியில் இந்தியா 33-29 என்று வென்றது.

பொங்கலுக்கும் ஊர்ப் பொங்கல் சாட்டுக்கும் இந்தக் கரிசலில் நடக்கிற கபடி ஆட்டங்களில் இந்த ஹாங்சோ வருடந்தோறும் சிறிய அளவில் நடக்கிறது: கோட்டைத் தொட்டானா இல்லையா என்று இரண்டு ஊரும் கயிற்றைத் தாண்டி உள்ளே வரும், அம்பயர் நடுவில் நிற்பார், மைக்கில் கமிட்டியார் கெஞ்சிக்கொண்டிருப்பார். தென்மாவட்டப் போட்டிகள் பலவற்றை இப்போது யூடியூபில் நேரலையாகக் காட்டுகிறார்கள். மேடைக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் கேமரா நிற்கிறது. ஆக, சீரி சி-யில் இருக்கும் முக்கியமான பொருள் இங்கே ஏற்கெனவே வந்துவிட்டது. நுழைவுக் கட்டணம் வாங்கும்போதே கேப்டன் கையில் எண் போட்ட இரண்டு சீட்டைக் கொடுத்து, தோற்றால் திரும்ப வராது என்று நோட்டீஸில் ஒரு வரி அச்சடிக்க வேண்டியதுதான் பாக்கி.